1986–1995 டொயோட்டா பிக்கப்பை உயர்த்த: எந்தப் பாகம் வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று ஓடிய வண்டியை அமெரிக்காவில் 'பிக்கப்' என்ற வெறும் பெயரிலேயே டொயோட்டா விற்றது. 1985 வரை வந்த நான்கு சக்கர இயக்க வண்டிகளில் முன்பக்கமும் ஒரே நேர் ஆக்சில்தான், மேலே பட்டை ஸ்பிரிங். 1986 மாடலில் முன்பக்கம் முழுக்க மாறியது. இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனியாக மேல்கை, கீழ்கை, அதாவது அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம். அப்பர் ஆர்மிலிருந்து சேஸிஸ் ஓரமாகப் பின்னோக்கி ஓடும் டார்ஷன் பார் (முறுக்குண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி). நடுவில் சேஸிஸோடு தொங்கும் டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் கியர் பெட்டி). அதிலிருந்து சக்கரத்துக்கு, சாய்ந்தாலும் சுழற்சியைக் கடத்தும் சிவி ஜாயின்ட் வைத்த ஷாஃப்ட். பின்பக்கம் பழையபடி பட்டை ஸ்பிரிங். 1995-இல் டகோமா வந்து இடத்தைப் பிடிக்கும்வரை இதே அமைப்பு நீடித்தது.

இங்கே சொல்வதெல்லாம் அந்த 1986–1995 நான்கு சக்கர இயக்க வண்டிக்கு. அதே காலத்து டொயோட்டா 4ரன்னர் எஸ்யூவிக்கு முன்பக்க விவரங்கள் பொருந்தும். 1990 முதல் வந்த 4ரன்னரில் பின்னால் சுருள் ஸ்பிரிங் இருப்பதால் பின்பக்கப் பாகங்கள் பொருந்தாது.

கடையில் முதலில் கேட்பது "இரண்டு அங்குலமா, நான்கு அங்குலமா?" என்றுதான். அதற்குப் பதில் சொல்லுமுன் இரண்டு விஷயம் உங்களுக்கே தெளிவாகியிருக்க வேண்டும்: எந்த டயர் போடப்போகிறீர்கள், வண்டியில் நிரந்தரமாக எவ்வளவு பாரம் ஏறி இருக்கும். உயரம் இந்த இரண்டிலிருந்தும் தானாக வரும். அதைத் திருப்பிப் போட்டு, உயரத்தை முதலில் முடிவு செய்பவர்கள்தான் ஆறு மாதத்தில் சிவி பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து நிற்கிறார்கள்.

டயரிலிருந்து தொடங்குங்கள்

இந்த வண்டியின் சாதாரண டயர் 225/75 ஆர்15. உயரம் ஏறக்குறைய 28.3 அங்குலம். 31×10.50 ஆர்15 போடுவதற்கு, ஸ்பிரிங் தொய்யாத நல்ல வண்டியாக இருந்தால், பெரிய லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் வேலை) எதுவும் தேவையில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது முன் பம்பரின் கீழ்மூலையிலோ ஃபெண்டரின் பின்பக்கத் தகட்டு மடிப்பிலோ லேசாக உரசலாம். ஒன்றரை அங்குல உயரமும் அந்த மடிப்பைச் சுத்தியால் தட்டிப் படுக்கவைப்பதும் போதும். 33×10.50 என்றால் கதையே வேறு: 3 முதல் 4 அங்குல உயரம், ஃபெண்டர் வெட்டு, டிஃபரென்ஷியல் கியரை மாற்றுவது மூன்றும் ஒன்றாக வரும். 33×12.50 அகலம் இந்த வண்டியின் ஸ்டியரிங் இணைப்புகளுக்கு அதிகம். அகலம் குறைந்த 33 கிடைக்கும்போது அதை எடுப்பதே நல்லது.

கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள். 31 அங்குல டயரில் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி ஏறக்குறைய 66-இல் ஓடும், 33-இல் 70. டிஃபரென்ஷியல் விகிதம் 4.10 என்றால், பழைய இழுவை திரும்ப 31-க்கு 4.56, 33-க்கு 4.88 வேண்டும். முன்னும் பின்னும் ஒரே விகிதமாக இருக்க வேண்டியது கட்டாயம். இல்லையேல் நான்கு சக்கர இயக்கத்தில் போட்டதும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். அதனால் கியர் செலவு இரண்டு மடங்கு. 2.4 லிட்டர் 22ஆர்இ எஞ்சின் வண்டியில் 33 டயரை 4.10-இல் ஓட்டினால் ஐந்தாம் கியர் இருந்தும் இல்லாததுபோல்தான். லிஃப்ட் கிட்டின் விலையைவிட இந்தச் செலவு பெரியதாக வரலாம். பெரும்பாலானவர்களுக்கு 31 போதும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

முதலில் அளவு, பிறகு ஆர்டர்

பம்பர் உயரத்தை அளக்காதீர்கள். டயர் காற்றும் தேய்மானமும் அதில் கலந்துவிடும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீல் ஹப்பின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். டேங்க் எவ்வளவு நிறைந்திருந்தது, பின்னால் என்ன பாரம் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

முப்பது வருடம் ஓடிய வண்டியில் பட்டைகள் உட்கார்ந்துபோயிருக்கும். பெட்டியில் '2 அங்குலம்' என்று அச்சிட்டிருப்பது புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்துக்கு மேல் இரண்டு அங்குலம். ஒன்றரை அங்குலம் உட்கார்ந்துபோன வண்டியில் அந்தப் பட்டையைப் போட்டால் பின்பக்கம் மூன்றரை அங்குலம் எழும்பும். முன்பக்கம் அவ்வளவு எழும்பாது. மூக்கு குத்திய வண்டியைப் பார்த்துக் கிட்டில் குறை என்று திருப்பி அனுப்பியவர்கள் பலர். குறை கிட்டில் இல்லை, அளக்காததில்.

அளவெடுத்த கையோடு சேஸிஸைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். பின் பட்டையின் முன் ஹேங்கர், ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடுகள்) ஹேங்கர், ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் இணைப்பைத் தாங்கும் கை) பொருந்தும் இடம், டார்ஷன் பாரின் பின்முனை நிற்கும் குறுக்குச் சட்டம் ஆகிய நான்கு இடங்களில் மந்தமான சத்தம் வந்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ லிஃப்ட் பேச்சை அங்கேயே நிறுத்தி முதலில் சேஸிஸைக் கவனியுங்கள்.

பிறகு ஆட்டம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராட், ஐட்லர் ஆர்ம். இந்த வண்டிகளில் முதலில் போவது ஐட்லர் ஆர்ம்தான். ஒருவர் ஸ்டியரிங்கை அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து அது மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்டதும் அதன் மேல் விழும் இழுப்பு கூடும். தேய்ந்த ஐட்லர் ஆர்மோடு உயர்த்திவிட்டு அலைன்மென்ட் செய்வது பணத்தைக் கொட்டுவதற்குச் சமம்.

இன்னொன்று: லோயர் ஆர்மில் இருக்கும் கேம் போல்ட்கள். அலைன்மென்ட்டில் கேம்பரும் (சக்கரத்தின் உள்-வெளிச் சாய்வு) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) இவற்றைத் திருப்பித்தான் சரிசெய்யப்படும். துரு பிடித்து புஷ்ஷின் உள்குழலோடு ஒட்டியிருந்தால் திரும்பாது. லிஃப்ட்டுக்கு முன்பே, எண்ணெய் விட்டு ஊறவைத்து, குறியிட்டு, திரும்புகிறதா என்று பார்த்து மீண்டும் அதே குறிக்குக் கொண்டுவாருங்கள். திரும்பாவிட்டால் புதிய போல்ட்டும் புஷ்ஷும் ஆர்டர் பட்டியலில் சேர வேண்டும்.

முன்பக்கம்: சிவி கோணம்தான் எல்லை

முன்னால் எவ்வளவு உயர்த்தலாம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் அல்ல, சிவி ஜாயின்ட். டிஃபரென்ஷியல் சேஸிஸோடு மேலே போகிறது, சக்கரம் தரையில் நிற்கிறது; இடையிலுள்ள ஷாஃப்ட் சாய்கிறது. சாய்வு கூடக் கூட ஜாயின்ட் சூடேறும், பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும், வளைவில் 'டக் டக்' சத்தம் தொடங்கும்.

மலிவான வழி டார்ஷன் பாரை முறுக்குவது. செலவில்லை, ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் அதைப்பற்றிப் பரவியிருக்கும் ஒரு தவறான எண்ணத்தை விட்டுவிட வேண்டும்: முறுக்குவதால் பார் கடினமாவதில்லை. அதன் கடினம் உலோகம், நீளம், தடிமன் இவற்றில் இருக்கிறது. முறுக்கும்போது நடப்பது ஒன்றே: அப்பர் ஆர்ம் நிற்கும் இடம் கீழே நகர்கிறது. அதாவது சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த தூரத்தைச் செலவழித்து உயரம் வாங்குகிறீர்கள். ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால் அப்பர் ஆர்ம், தொங்கு பயணத்தைத் தடுக்கும் பம்ப் ரப்பருக்கு மிக அருகில் வந்துவிடும். சிறு பள்ளத்திலும் ரப்பரில் 'டொக்' என்று அடிக்கும். வண்டி கல்போல் ஓடுகிறது என்று பலர் சொல்வது இந்த அடியைத்தான். மெலிந்த பம்ப் ரப்பர் போட்டால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும்.

பாரின் தடிமன் கூடினால் மட்டுமே உண்மையான கடினம் வரும், அதுவும் வேகமாக வரும். கடினம் தடிமனின் நான்காம் அடுக்கில் உயர்வதால், பத்து சதவீதம் தடித்த பார் ஏறக்குறைய 46 சதவீதம் கடினமாக இருக்கும். முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் இருந்தால் தடித்த பார் வாங்குங்கள். 26 மில்லிமீட்டர் பார்கள் இந்த வண்டிக்குப் பிரபலம். பாரம் எதுவும் இல்லாத வண்டியில் அதைப் போட்டால் குலுங்கிக் குலுங்கித்தான் போகும். எந்தப் பாராக இருந்தாலும் இடது வலது மாற்றக்கூடாது. ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுக்குண்டு பழகியது. முனையில் இடம், வலம் குறி இருக்கும். பழைய பாரைக் கழற்றுமுன் இரண்டு முனைகளின் பல்வரிசையிலும் ஆர்மிலும் வண்ணக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பால் ஜாயின்ட் ஸ்பேசர். அப்பர் ஆர்முக்கும் மேல் பால் ஜாயின்ட்டுக்கும் இடையில் வைக்கும் ஒன்றரை அங்குலக் கட்டை இது. இதில் அப்பர் ஆர்ம் தொழிற்சாலைக் கோணத்திலேயே நிற்க, சக்கரம் கீழே தள்ளப்படுகிறது. தொங்கு பயணம் குறைவதில்லை, ரப்பரில் அடிப்பதும் இல்லை; ஓட்டத்தில் வித்தியாசம் உடனே தெரியும். இதன் மறுபக்கத்தையும் புரிந்துகொள்ளுங்கள். பாரை மட்டும் முறுக்கினால், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது சிவி கோணம் பழையபடியே இருக்கும். ஏனெனில் ரப்பர் பழைய இடத்தில்தான் தடுக்கிறது. ஸ்பேசர் வைத்தால் அந்தத் தொங்கு நிலையிலும் சக்கரம் கூடுதலாகக் கீழே போகிறது, சிவி கோணம் அங்கே உச்சத்தைத் தொடுகிறது. மெலிந்த ரப்பரையும் ஸ்பேசரையும் ஒன்றாகப் போடுவது ஆபத்தாவது இதனால். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் வேண்டாம்.

ஸ்பேசர் வாங்கும்போது கூடவே வரும் நீள போல்ட்களின் தலையில் தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்: மெட்ரிக் போல்ட்டில் 10.9. குறியில்லாத போல்ட் வந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். பொருத்திய பின் வீலின் உள்விளிம்பு ஸ்பேசரையோ பால் ஜாயின்ட்டையோ தொடவில்லை என்று கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே அதிகம் தள்ளி நிற்கும் வீல்களில் இந்த இடம் ரொம்ப நெருக்கம்.

டிஃபரென்ஷியலைச் சுமார் ஒரு அங்குலம் இறக்கும் ஸ்பேசர் கிட் இவற்றோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள். அது வண்டியை உயர்த்தாது. சிவி கோணத்தில் இழந்ததைத் திரும்பத் தரும். அடிப்பாதுகாப்புத் தகட்டுக்கும் அதே அளவு கட்டை வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தரை இடைவெளி ஒரு அங்குலம் குறையும். பாறை நிறைந்த தடங்களில் ஓட்டுபவர் அதை யோசித்துக்கொள்ளட்டும்.

சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கும் ஹப் பற்றி ஒரு வார்த்தை. கையால் பூட்டும் ஹப் இருந்தால், பூட்டைத் திறந்து சாதாரணச் சாலையில் ஓடும்போது சிவி ஷாஃப்ட் சுற்றாது. ஏடிடி என்ற தானியங்கி இணைப்பு உள்ள வண்டியில் ஷாஃப்ட் எப்போதும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். சாய்ந்த கோணத்தில் ஒவ்வொரு மைலும் தேய்மானம். அப்படிப்பட்ட வண்டியை உயர்த்துபவர் கைப்பூட்டு ஹப்பை முதல் செலவாக வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் பரிந்துரைப்பதில் செலவுக்கு ஏற்ற பலன் அதிகம் தருவது இதுதான்.

நான்கு அங்குலம் வேண்டுமென்றால் பிராக்கெட் கிட். ஆர்ம்கள், டிஃபரென்ஷியல், ஸ்டியரிங் இணைப்பு எல்லாவற்றையும் கூட்டாகக் கீழே இறக்கும் இரும்புச் சட்டங்கள் அவை. சிவி கோணம் ஏறக்குறைய பழையபடியே நிற்பதால் 33 டயருக்கு இதுவே முறையான வழி. இதன் குறை: குறுக்குச் சட்டம் கீழே தொங்கும், உடல் உயர்ந்தாலும் அடிவயிற்றின் தரை இடைவெளி உயராது. பழைய கிட்டைக் கைமாற்றி வாங்குபவர்கள் சட்டத்தின் பின்பக்கத்திலிருந்து சேஸிஸுக்குப் போகும் சாய்வுத் தாங்கிக் கம்பிகள் கிட்டில் உண்டா, உண்டென்றால் கூடவே வந்திருக்கின்றனவா என்று உற்பத்தியாளரின் பொருத்துதல் தாளோடு ஒப்பிடட்டும். அவை இல்லாமல் பொருத்தினால் பிரேக் அடிக்கும்போதும் கல்லில் மோதும்போதும் வரும் விசை முழுக்க போல்ட் துளைகளில் விழும், துளை நீள்வட்டமாகிவிடும். பிராக்கெட் கிட்டுக்கு மேல் டார்ஷன் பாரை முறுக்குவது, அதற்கும் மேல் ஸ்பேசர் வைப்பது எல்லாம் வேண்டாத வேலை.

முன்பக்கத்தை முழுக்க வெட்டி நேர் ஆக்சில் வைப்பது தனிப் பெருவேலை. வெல்டிங்கும் ஸ்டியரிங் மாற்றமும் மாநிலப் பரிசோதனை விதிகளும் சேர்ந்தது. அது ஒரு பாகத் தேர்வில் அடங்காது.

பின்பக்கம்: கட்டை, ஷேக்கிள், பட்டை

நான்கு வழிகள் உண்டு, தரத்தில் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

பட்டைகளின் முழு அடுக்கையே மாற்றுவது சிறந்தது. வாங்குமுன் இரண்டைச் சரிபாருங்கள்: பட்டையின் அகலத்தைக் காலிப்பரால் அளந்து கிட் அளவோடு ஒப்பிடுங்கள், 1989-இல் வண்டி புதிய தலைமுறைக்கு மாறியதால் 1988 வரையிலான வண்டிக்குச் சொல்லும் பாக எண்ணை அப்படியே நம்பாதீர்கள். இரண்டாவது, பாரம். ஒரே இரண்டு அங்குல உயரத்துக்குக் காலி வண்டிக்கு ஒரு அடுக்கு, நிரந்தர மூடியும் பெட்டிகளும் ஏற்றிய வண்டிக்கு இன்னொரு அடுக்கு என்று நல்ல தயாரிப்பாளர்கள் பிரித்து விற்கிறார்கள். பாரத்துக்கான அடுக்கைக் காலி வண்டியில் போட்டால் உயரம் சொன்னதைவிட அதிகம் வரும், முதுகும் வலிக்கும். எப்போதாவது ஏற்றும் பாரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். எப்போதும் வண்டியில் இருப்பதை மட்டும் எடைபோடுங்கள்.

கூடுதல் பட்டை ஒன்றைச் சேர்ப்பது இரண்டாவது வழி. குட்டையான பட்டை மலிவு. ஆனால் அது முடியும் இடத்தில் மேல்பட்டை சட்டென்று வளைகிறது, ஓட்டம் கரடாகும், அந்த இடத்தில்தான் பட்டை முறியும். நீளப் பட்டையை வாங்குங்கள். நீள வரிசையில் அதற்குரிய இடத்தில், அடியிலுள்ள தட்டையான அதிபாரப் பட்டைக்கு மேலே வைக்க வேண்டும். மிகவும் தொய்ந்த பழைய அடுக்கில் இதைச் சேர்த்தால் புதிய பட்டை ஒன்றே முழுப் பாரத்தையும் சுமக்கும். சில மாதங்களில் அதுவும் உட்கார்ந்துவிடும். அடுக்கைப் பிரிக்கும்போது சென்டர் போல்ட்டின் இரண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கி, பிறகே போல்ட்டைக் கழற்றுங்கள். கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் பட்டைகள் தெறித்துவிடும்.

நீள ஷேக்கிள் தருவது அதன் கூடுதல் நீளத்தில் பாதிதான்: இரண்டு அங்குலம் நீளமான ஷேக்கிளுக்கு ஒரு அங்குல உயரம். பட்டையின் பின்முனை கீழே இறங்குவதால் ஆக்சில் சுழன்று பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் விசை நுழையும் கியர்) மேல்நோக்கித் திரும்பும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் சரிசெய்ய இது நல்லது. அதற்குமேல் வண்டி பக்கவாட்டில் அலையத் தொடங்கும். இரண்டு தகட்டையும் நடுவில் இணைக்கும் குறுக்குக் கம்பி இல்லாத ஷேக்கிளை வாங்காதீர்கள்.

கடைசி வழி கட்டை: பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைப்பது. பட்டையின் மென்மை மாறாது என்பது அதன் ஒரே நன்மை. ஆக்சில் சுழல முயலும்போது கட்டை நெம்புகோலாகிறது. வேகமாக எடுக்கும்போது பட்டை 'எஸ்' வடிவில் முறுக்கி, விட்டதும் உதறும். இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஒருபோதும் அடுக்காதீர்கள். ஸ்டியரிங்கோடு திரும்பும் முன்பக்க ஆக்சிலில் கட்டை என்பதே கூடாது. நேர் ஆக்சில் உள்ள 1985 வரையிலான வண்டிக்காரர்களுக்கு இது முக்கியம்.

எந்த வழியானாலும், பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்கள் புதிதாக வேண்டும். பழையவற்றின் புரி ஒருமுறை இழுபட்டு நீண்டது. மறுபடி இறுக்கினால் இறுக்கம் நிற்காது. உள் அகலம், கால் நீளம் இரண்டும் அளந்து ஆர்டர் செய்யுங்கள்.

புஷ்ஷில் ரப்பரா பாலியூரிதேனா என்ற கேள்வி வரும். தினமும் ஓட்டும் வண்டிக்கு ரப்பர். பாலியூரிதேன் நீடிக்கும், ஆனால் கிரீஸ் இல்லாமல் கிறீச்சிடும், அதிர்வையும் உள்ளே கடத்தும்.

ஷாக் அப்சார்பர் நீளம்

'இத்தனை அங்குல லிஃப்ட்டுக்கு' என்று போட்ட பெயரை நம்பி வாங்காமல் அளந்து வாங்குங்கள். பட்டை மாற்றிய பின், வண்டி தரையில் நிற்கும்போது மேல், கீழ் பொருத்து மையங்களுக்கு இடையே அளவெடுங்கள். பம்ப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியையும் அளங்கள். உதாரணமாக, நிற்கும் அளவு 19 அங்குலம், ரப்பர் இடைவெளி 4 என்றால், முழுக்க அமுங்கிய ஷாக் 14.5 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அரை அங்குலம் பாதுகாப்பு. சேஸிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் 5 அங்குலம் இறங்குகிறது என்றால், விரிந்த நீளம் 24.5-க்குக் குறையக்கூடாது. குட்டையான ஷாக் பட்டைக்குத் தடையாகி, அதன் கண்ணி பிய்ந்துபோகும். நீளமான ஷாக் அடியில் முட்டி உள்வால்வு உடையும். முன்னால் டார்ஷன் பாரை மட்டும் முறுக்கியவர்களுக்குப் பழைய நீளத்திலுள்ள ஷாக்கே போதும்; ஆர்மின் பயண எல்லை மாறவில்லை.

பட்டியலில் பலர் விட்டுவிடுபவை

பின் பிரேக் அழுத்தத்தைப் பாரத்துக்கு ஏற்ப மாற்றும் வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கிறது. ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி அதற்குப் போகும். பின்பக்கம் உயர்ந்ததும் அந்தக் கம்பி கீழிறங்கி, வண்டி காலியாக இருக்கிறது என்று வால்வுக்குச் சொல்லும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம் குறையும். முன் பிரேக் சீக்கிரம் தேயும், நிற்கும் தூரம் கூடும். மூலகாரணம் தெரியாமல் பிரேக் ஷூவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கே உயர்த்த வேண்டும்; அதற்கான துண்டு பிராக்கெட் விலை குறைந்த பொருள்.

சேஸிஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஹோஸ், ஆக்சில் மூச்சுக்குழாய், கைபிரேக் கேபிள் மூன்றையும் ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது இழுத்துப் பாருங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்தினால் நீள ஹோஸ் வாங்குவதே சரி. முன் ஹோஸை, சக்கரம் தொங்கும்போது இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும்.

பிறகு புரொப்பல்லர் ஷாஃப்ட். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்க வேண்டும். ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் இருக்கலாம். ஃபிளாஞ்சின் தட்டையான முகத்தில் கோணமானி வைத்து இரண்டையும் எழுதுங்கள். பினியனை மேலே திருப்ப வேண்டுமானால் பட்டைக்கும் ஆக்சில் மேடைக்கும் நடுவில் ஆப்புத் தகடு. தடித்த முனை வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். இரும்பு ஆப்பு மட்டும் வாங்குங்கள், அலுமினியம் நசுங்கி உடையும். நீண்ட வீல்பேஸ் வண்டிகளில் ஷாஃப்ட் பெரும்பாலும் இரண்டு துண்டாக இருக்கும். நடுவிலுள்ள பேரிங்கை அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம்வரை இறக்கும் கட்டை தேவைப்படலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் உதறினால் நடு பேரிங்கின் கோணம். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் பினியன் கோணமோ பேலன்ஸோ.

பொருத்தும் வரிசை

பின்பக்கத்தை முதலில் முடியுங்கள். பின் உயரம் பட்டையில் வந்தது வந்ததுதான். முன் உயரத்தைத் திருகிச் சரிசெய்யலாம். காலி வண்டியில் பின்பக்கம் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்பது இயல்பு, பாரம் ஏறும்போது சமமாகும்.

பட்டையின் கண் போல்ட்களையும் ஷேக்கிள் போல்ட்களையும் வண்டி தூக்கிய நிலையில் இறுக்காதீர்கள். கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, பிறகு இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்குண்ட நிலையிலேயே பூட்டப்பட்டு, சில மாதங்களில் கிழியும். யூ போல்ட்டை நான்கு மூலையும் குறுக்குக்குறுக்காக, சமமாக, டார்க் ரெஞ்ச்சில் இறுக்க வேண்டும்.

டார்ஷன் பாரைச் சரிசெய்யுமுன் இரண்டு பக்கமும் போல்ட்டின் புரி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து எழுதுங்கள். முதல்நாளே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் தாங்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டுத் திருகினால் போல்ட்டின் மேல் பாரம் குறைவு; வண்டியின் முழுப் பாரத்தோடு துருப்பிடித்த புரியைத் திருகினால் போல்ட் உரிந்துவிடும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சுற்று, இறக்கி, ஒரு சுற்று ஓட்டி வந்து, மீண்டும் அளவு. இடது வலது கால் அங்குலத்துக்குள் வந்தால் போதும். போல்ட் நீளம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அலைன்மென்ட் அன்றே செய்ய வேண்டும். உயர்த்திய மறுகணமே டோ (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ பார்க்கும் அளவு) மாறிவிடுகிறது. அப்படியே சில நூறு மைல் ஓட்டினால் புதிய டயரின் ஓரம் போய்விடும். மெக்கானிக்கிடம் காஸ்டரை முடிந்த அளவு நேர்மறையாக வைக்கச் சொல்லுங்கள், இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள். பெரிய டயரில் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவது இதனால்தான்.

முன்விளக்கின் ஒளியைத் தாழ்த்திவிடுங்கள். பம்பர் உயரத்துக்கு உங்கள் மாநிலத்தில் வரம்பு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். முதல் 50 மைலிலும் மறுபடி 500 மைலிலும் யூ போல்ட், ஷேக்கிள், ஸ்பேசர் போல்ட் அனைத்தையும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புதிய பட்டை அந்த 500 மைலுக்குள் கொஞ்சம் உட்காரும். அப்போது நான்கு மூலையையும் மறுபடி அளந்து, முன் டார்ஷன் பாரை அதற்கேற்பத் திருத்தி, டோவை மட்டும் இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.